பற்கள் வெளிப்படுத்தும் மறைநோய்



ஊட்டக்குறைவு என்றதும் நம் நினைவுக்கு வருவது வறுமையே. உணவு இருந்தும் உண்ண மறுப்பதும், அளவின்றி உண்டுவிட்டுத் தாமே வாந்தியெடுத்து வெளியேற்றுவதும் நோய்களே என்பது பலருக்கு இன்றும் புதிய செய்திதான். முதலாவதற்கு லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870-களில் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்னும் பெயரை வழங்கினார். ‘புலிமியா நெர்வோசா’ எனப்படும் இரண்டாவதை 1979-இல் விவரித்தவர் ஜெரால்ட் ரஸ்ஸல். புலிமியா உடையவரின் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆதலால் பெற்றோரும் ஆசிரியரும் ஐயுறுவதில்லை. பல் மருத்துவர் கண்ணுக்கே அது முதலில் தென்படக்கூடும்.

பல்லைப் போர்த்தியுள்ள எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் வாயிலுள்ள நீர்மத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்குகிறது. இரைப்பை அமிலத்தின் அளவோ 2-ஐ ஒட்டியது. வாந்தியின்பொழுது கீழ்ப்பற்களை நாக்கு ஓரளவு காத்துவிடுகிறது. எனவே மேல்வரிசை முன்பற்களின் உட்புறமே பெரிதும் தாக்கப்படுகிறது. முன்புறம் பளிச்சென்றிருக்கும் பல், அண்ணத்தை நோக்கிய பக்கத்தில் தேய்ந்து வழவழப்பாகி, மஞ்சள் நிற டென்டினைக் காட்டும். அமிலம் பல்லைக் கரைக்குமேயன்றி வெள்ளி அடைப்பைக் கரைப்பதில்லை. ஆகவே பழைய அடைப்புகள் பல்லின் மட்டத்துக்கு மேல் துருத்தி நிற்கும். காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்குவதும் உண்டு. முகம் பருத்துவிட்டதாக எண்ணி நோயாளி மேலும் பட்டினி கிடக்க முற்படுவது இந்நோயின் கொடுமை.

அமில ஏப்பம், கருவுற்ற காலத்து வாந்தி ஆகியவற்றாலும் இத்தகைய தேய்வு நேரலாம். எலுமிச்சையும் குளிர்பானங்களும்கூடப் பல்லை அரிக்கும். கண்டவுடன் முடிவு கட்டிவிடலாகாது. நோயாளி பெண்ணாகவே இருப்பார் என்று கருதுவதும் தவறு.

வாந்திக்குப் பின் உடனே பல் துலக்குவது தூய்மை எனத் தோன்றும். உண்மையில், மென்மையுற்ற எனாமலை அது மேலும் தேய்த்துவிடுகிறது. நீரால், அல்லது சமையல் சோடா கரைத்த நீரால் கொப்பளிப்பதே நன்று. ஃபுளூரைடு பூச்சும் உதவும். கரைந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. வாந்தி கட்டுப்படுமுன் விலையுயர்ந்த உறைகளைப் பொருத்துவதால் நிலையான பயனும் இல்லை. மனநலச் சிகிச்சையும் உடன் நடைபெற வேண்டும்.

ஆனால் எவ்வாறு வினவுவது? உடன் வந்த தாயின் எதிரில், விசாரணை செய்வதுபோல் கேட்டால், அந்த இளைஞர் மறுமுறை வரமாட்டார். தனிமையில், “பற்களில் அமிலத் தேய்வு தெரிகிறது, அடிக்கடி வாந்தி வருவதுண்டா?” என்று கேட்டாலே போதும். மனநோயாளியின் மறைகாப்பு உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏற்றுள்ளது.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தில் ஊட்டமும் மனநலமும் இடம்பெற்றுள்ளன. வாய்நலத்துக்கெனத் தேசியத் திட்டமும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே பெரிய செலவு எதுவும் தேவையில்லை. பல் மருத்துவப் பிரிவிலிருந்து மனநலப் பிரிவுக்கு ஒரு பரிந்துரைச் சீட்டும், அதன் அடியில் 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் உதவி எண் 14416-உம் அச்சிடப்பட்டால் போதும். அச்சீட்டில் நோயின் பெயரை எழுதாது விடுவது நலம். அது வீட்டாரின் கையிலும் அகப்படக்கூடும் அல்லவா?