ஒரே லீக்ல ரெண்டு போஹிமியன்ஸ்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "பெரிய லீக் கதைகளையே எத்தனை தடவை கேக்குறது? யாரும் பேசாத ஒரு சீசனைப் பத்திப் பேசுங்க." சரி, இன்னிக்கு செக் குடியரசுக்குப் போவோம். 2009-10 சீசன். அந்த வருஷம் பட்டம் வாங்கினது ஸ்பார்ட்டா ப்ராக். ஆனா நான் பேசப்போறது அவங்களைப் பத்தி இல்ல.

அந்த சீசனோட பாயிண்ட்ஸ் டேபிளை எடுத்துப் பாருங்க. 16 டீம். அதுல ஒரு டீம் பேர் போஹிமியன்ஸ் 1905. இன்னொரு டீம் பேர் போஹிமியன்ஸ் ப்ராக். அச்சுப்பிழை இல்லைங்க. ஒரே ஊர், ஒரே டிவிஷன், ஒரே பேர்ல ரெண்டு கிளப். குழப்பம் வரக்கூடாதுன்னு ரெண்டாவது டீம் பேருக்குப் பக்கத்துல பிராக்கெட் போட்டு "ஸ்டிரீஷ்கோவ்"னு எழுதுவாங்க. அது ப்ராக் நகரத்தோட வடக்குப் பக்கம் இருக்கிற ஒரு ஏரியா.

இதுல யார் ஒரிஜினல்? இந்தக் கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு. காகிதம் ஒரு பதில் சொல்லுது, ஜனங்க வேற பதில் சொல்றாங்க. ஒரு ஃபுட்பால் கிளப்னா உண்மையிலேயே என்ன, அது யாருக்குச் சொந்தம்னு யோசிக்க எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கங்காரு எப்படி வந்தது?

முதல்ல கொஞ்சம் பின்கதை. ப்ராக்ல வ்ர்ஷோவிட்சேன்னு ஒரு குடியிருப்புப் பகுதி. 1905-ல அங்க ஏ.எஃப்.கே. வ்ர்ஷோவிட்சேன்னு ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. 1927-ல இந்த டீம் கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவுக்கு டூர் போச்சு. ப்ராக் இருக்கிற பிரதேசத்துக்கு பொஹீமியான்னு பேர். "வ்ர்ஷோவிட்சே"ன்னு சொல்லி வெளிநாட்டுக்காரங்க நாக்கைச் சுளுக்கிக்க வேண்டாம்னு, "போஹிமியன்ஸ்"ங்கிற பேர்ல போனாங்க. பேர் ஒட்டிக்கிச்சு. திரும்பும்போது ரெண்டு உயிருள்ள கங்காருவைப் பரிசா குடுத்து அனுப்பினாங்க. அன்னிலேருந்து அந்த கிளப்போட சின்னம் கங்காரு. பச்சை, வெள்ளை ஜெர்ஸி, நெஞ்சுல ஒரு கங்காரு. நடு ஐரோப்பாவுல!

அவங்க கிரவுண்டுக்கு டியோலீச்செக்னு பேர். சின்னப் பள்ளம்னு அர்த்தம். 1932-லேருந்து இருக்கு. சுத்தி வீடுகள், நடுவுல ஒரு சின்ன ஸ்டேடியம். ஒரு கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துலயே ஸ்லாவியா ப்ராக்ங்கிற பெரிய கிளப்போட கிரவுண்டும் இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

உங்களுக்குக் கண்டிப்பா தெரிஞ்ச ஒரு ஆள் இந்த கிளப்ல இருந்து வந்தவர்தான். அன்டோனின் பனென்கா. பெனால்ட்டி எடுக்கும்போது ஓடி வந்து, கீப்பர் ஒரு பக்கம் பாய்ஞ்சதும், பந்தை நடுவுல மெதுவா தூக்கிப் போடுறது. அதுக்கே "பனென்கா"ன்னு பேர் வந்துடுச்சு. 1976 யூரோ ஃபைனல், பெல்கிரேடு, எதிர்ல மேற்கு ஜெர்மனி. கோப்பையை ஜெயிக்க வேண்டிய கடைசி உதையை அந்த மனுஷன் அப்படி எடுத்தார். கீப்பர் செப் மையர் தரையில கிடக்க, பந்து நிதானமா உள்ள போச்சு.

ஆனா போஹிமியன்ஸ் தன்னோட ஒரே லீக் பட்டத்தை வாங்கினது 1982-83 சீசன்ல. பனென்கா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1981-ல, ஆஸ்திரியாவுக்கு ஆடப் போயிட்டார். கோச் தொமாஷ் போஸ்பீகல் தலைமையில அந்த டீம் அதே சீசன்ல யூஇஎஃப்ஏ கப் செமி ஃபைனல் வரைக்கும் போச்சு. அங்க அவங்களைத் தோற்கடிச்ச ஆண்டர்லெக்ட்தான் கடைசியில கோப்பையை வாங்கினது. ஒரு பேட்டை கிளப்புக்கு இது சின்ன விஷயமா?

2005: கிளப் செத்துப்போச்சு

இப்ப 2005-க்கு வருவோம். போஹிமியன்ஸ் அப்ப செகண்ட் டிவிஷன்ல ஆடிட்டு இருந்தது. கழுத்து வரைக்கும் கடன். சீசன் பாதியிலயே லைசன்ஸ் போச்சு. கிளப்பை நடத்தின கம்பெனி திவால். நூறாவது பிறந்தநாள் வருஷத்துலயே கிளப் காலி.

வழக்கமா இந்த மாதிரி கதைகள் இங்க முடிஞ்சுடும். இங்க முடியல. ரசிகர்கள் கூட்டுறவுச் சங்கம் மாதிரி ஒரு அமைப்பை ஆரம்பிச்சு பணம் வசூல் பண்ணாங்க. கோஷம் போடுறதோட நிக்காம, அவங்கவங்க பாக்கெட்ல இருந்து காசு எடுத்து வச்சாங்க. கூடவே முதலீட்டாளர்களும் வந்தாங்க. "போஹிமியன்ஸ் 1905"ங்கிற பேர்ல கிளப் மூணாவது டிவிஷன்ல இருந்து மறுபடி ஆட ஆரம்பிச்சது. அதே பச்சை வெள்ளை, அதே டியோலீச்செக், கேலரியில அதே முகங்கள். 2007-ல டாப் டிவிஷனுக்கே திரும்பி வந்துட்டாங்க.

சினிமாவா இருந்தா இங்க "சுபம்" போட்டிருப்பாங்க. ஆனா ஒரு காகிதம் பாக்கி இருந்தது.

பேர் யாருது?

போஹிமியன்ஸ்ங்கிற பேருக்கும் சின்னத்துக்கும் உரிமை எங்க கிட்டதான் இருக்குன்னு சொன்னது வேற ஒரு அமைப்பு. டி.ஜே. போஹிமியன்ஸ் ப்ராக்ங்கிற விளையாட்டுச் சங்கம். பழைய காலத்துல பல விளையாட்டுகளை ஒரே குடையின் கீழ நடத்தின சங்கங்கள்ல அது ஒண்ணு. ஃபுட்பால் டீம் ஒரு காலத்துல அந்தக் குடும்பத்துல இருந்ததுதான். அவங்க என்ன பண்ணாங்கன்னா, அந்தப் பேரை ஸ்டிரீஷ்கோவ் கிளப்புக்குக் குடுத்தாங்க. கங்காருவோட எந்தச் சம்பந்தமும் இல்லாத, 90-கள்ல உருவான ஒரு கிளப், ஒரே நாள்ல "போஹிமியன்ஸ் ப்ராக்" ஆயிடுச்சு.

டைமிங்கைப் பாருங்க. 2008-ல போஹிமியன்ஸ் 1905 டாப் டிவிஷன்ல இருந்து கீழ இறங்கிச்சு. அதே கோடையில ஸ்டிரீஷ்கோவ் மேல ஏறிச்சு. ஒரு வருஷம் முழுக்க டாப் டிவிஷன்ல போஹிமியன்ஸ் இருந்தது, ஆனா வ்ர்ஷோவிட்சேகாரங்களுக்கு அது போஹிமியன்ஸே இல்ல. ஒரே வருஷத்துல 1905 திரும்ப மேல வந்துட்டாங்க. அப்படித்தான் 2009-10-ல ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல நேருக்கு நேர் நின்னாங்க.

ஸ்டிரீஷ்கோவ் பக்கத்து நியாயத்தையும் பேசணும். வில்லன் பட்டம் குடுத்துட்டுப் போறது சுலபம். அவங்க பேரைத் திருடல, சட்டப்படி கேட்டு வாங்கினாங்க. அந்த டீம்ல ஆடின பசங்க வேலைக்கு வந்தவங்க, டாப் டிவிஷன்ல ஆடணும்ங்கிற ஆசையில வந்தவங்க. "பேர் எங்க கிட்ட இருக்கு, அப்ப அதே பேரை அவங்க எப்படிப் பயன்படுத்தலாம்?"னு அவங்க கேட்டா, அதுல ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்யுது.

ஆனா அந்தத் தர்க்கத்தை அவங்க எங்க கொண்டுபோய் நிறுத்தினாங்கன்னு பாருங்க. 2010 வசந்த காலம். லீக்ல போஹிமியன்ஸ் 1905-வோட ஆட வேண்டிய மேட்ச். ஸ்டிரீஷ்கோவ் டீம் வரவே இல்ல. பேர் தகராறைக் காரணம் காட்டி புறக்கணிச்சுட்டாங்க. ஒரு நாட்டோட டாப் டிவிஷன்ல, ஒரு புரொஃபஷனல் டீம் மேட்ச்சுக்கு வர மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்? அபராதம் விழுந்தது, பாயிண்ட்ஸையும் பெரிய அளவுல கழிச்சாங்க. சீசன் முடியும்போது டேபிள்ல கடைசி இடம் அவங்களுக்குத்தான். கீழ இறங்கினாங்க. அதுக்கப்புறம் அந்த டாப் டிவிஷன் பக்கம் அவங்க திரும்பி வரவே இல்ல. போஹிமியன்ஸ் 1905 அதே டிவிஷன்ல தொடர்ந்து ஆடினாங்க.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். பேரைக் கையில வச்சிருந்தவங்க, அந்தப் பேருக்காக ஃபுட்பால் ஆடுறதையே நிறுத்தினாங்க. பேர் பறிபோகும் நிலைமையில இருந்தவங்க, ஆடுறதை நிறுத்தவே இல்ல.

பேர்தான் கிளப்பா?

"அப்ப பேர் முக்கியமே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இந்த கிளப்போட வரலாறே இதுக்கு பதில் வச்சிருக்கு. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தப்ப விளையாட்டு கிளப்புகளோட பேரை எல்லாம் அரசாங்கம் இஷ்டத்துக்கு மாத்திச்சு. 1950-கள்ல இதே டீமுக்கு ரயில்வேகாரங்கன்னு அர்த்தம் வர்ற பேர் இருந்தது. அப்புறம் "ஸ்பார்டக் ஸ்டாலின்கிராட்"னு கூட பேர் வச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, வ்ர்ஷோவிட்சேல ஒரு ஸ்டாலின்கிராட்! 60-கள்லதான் போஹிமியன்ஸ்ங்கிற பேர் திரும்பி வந்தது. காகிதத்துல இருக்கிற பேர்தான் கிளப்னா, அந்த வருஷங்கள்ல போஹிமியன்ஸ்னு ஒண்ணே இல்லைன்னு ஆகும். ஆனா அந்தப் பேட்டை ஜனங்களுக்கு அது எப்பவுமே அவங்க கங்காருதான்.

அதுக்காக "ரசிகர்கள் அன்பு மட்டும் போதும்"னு நான் சொல்ல மாட்டேன். அது பாதி உண்மை. அன்பு இருந்தது, ஆனா மேல ஆட கிரவுண்ட் வேணும். டியோலீச்செக் நிலம் கிளப்புக்குச் சொந்தமா இல்ல. 2010-லேருந்து ரெண்டு சீசன், இவங்க தங்களோட ஹோம் மேட்ச்களை ஸ்லாவியாவோட ஸ்டேடியத்துல ஆடினாங்க. ஆமா, அந்தப் பக்கத்து வீட்டுப் பெரிய கிளப்தான். பரம எதிரி வீட்டுத் திண்ணையில உக்காந்து சாப்பிடுற மாதிரி. ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. அப்புறம் டியோலீச்செக்குக்கே திரும்பினாங்க. 2016-ல ப்ராக் மாநகராட்சியே அந்த ஸ்டேடியத்தை வாங்கிச்சு. அதுக்கப்புறம்தான், இந்த இடத்துல நாளைக்கு அபார்ட்மெண்ட் வந்துடுமோங்கிற பயம் குறைஞ்சது.

அதனால நான் இதை இப்படிப் பார்க்குறேன். ஒரு கிளப் நிக்கணும்னா மூணு கால் வேணும்: ஆளுங்க, இடம், காகிதம். மூணுல எது முதல்ல வரணும்ங்கிறதுதான் கேள்வி. ஸ்டிரீஷ்கோவ் காகிதத்துல ஆரம்பிச்சாங்க, ஆளுங்க வரல. போஹிமியன்ஸ் 1905 ஆளுங்களை மட்டும் வச்சு ஆரம்பிச்சாங்க. இடமும் காகிதமும் வந்து சேர பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா வந்தது. ஆளுங்க இருந்தா மத்த ரெண்டுக்காகவும் காத்திருக்க முடியும். காகிதத்தால அப்படிக் காத்திருக்க முடியாது.

நாலாவது இடம்

கடைசியா இன்னொரு சீசன், சுருக்கமா. 2021-22-ல போஹிமியன்ஸ் ரெலிகேஷன் பிளே ஆஃப் வரைக்கும் போய், ஒபாவாவை ஜெயிச்சுதான் டாப் டிவிஷன்ல தப்பிச்சாங்க. அடுத்த சீசன் 2022-23. கோச் யாரோஸ்லவ் வெசெலீ. பெரிய ஸ்டார் யாரும் இல்ல. சீசன் முடியும்போது டேபிளைப் பார்த்தா ஸ்பார்ட்டா, ஸ்லாவியா, விக்டோரியா ப்ல்ஸென், நாலாவதா போஹிமியன்ஸ். மேல இருக்கிற மூணும் அந்த நாட்டோட பணக்கார கிளப்புகள். அதுக்கு அடுத்து சின்னப் பள்ளத்துல ஆடுற கங்காரு.

80-களுக்கு அப்புறம் முதல் முறையா ஐரோப்பியப் போட்டி. கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றுல நார்வேயோட போடோ கிளிம்ட் கிட்ட நல்லாவே அடி வாங்கினாங்க, அதோட முடிஞ்சது. அதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனா 2005-ல பாக்கெட்ல இருந்து காசு எடுத்துக் குடுத்த ஒருத்தரை யோசிச்சுப் பாருங்க. பதினெட்டு வருஷம் கழிச்சு, தன்னோட டீம் ஐரோப்பாவுல தோக்குறதைப் பார்க்குற பாக்கியம் அவருக்குக் கிடைச்சிருக்கு. தோக்கணும்னாலும் முதல்ல உயிரோட இருக்கணும் இல்லையா?

இன்னிக்கு இவ்வளவுதான். நீங்க ஃபாலோ பண்ற கிளப்புக்கு நாளைக்கு பேர், லோகோ, ஸ்டேடியம் மூணும் போச்சுன்னா, எது வரைக்கும் அது உங்க கிளப்? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல உங்க பதில்களோட சந்திப்போம்.