அரிய மரபு நோயும் வயது வந்தோரின் எலும்பு நலமும்

(திருவனந்தபுரம் ஆரியசாலையில், மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



இந்த ஆரியசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மருத்துவக் கல்லூரி வளாகத்தில், ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை உள்ளது. மகளிருக்கும் குழந்தைகளுக்கும் உரிய அம்மருத்துவமனை, அரிய நோய்களுக்காக மத்திய அரசு ஏற்றுள்ள உயர்சிறப்பு மையங்களுள் ஒன்றாகும். அங்கே சிகிச்சை பெறும் குழந்தை நாளை வளர்ந்து பெரியவனாகும்போது, அவனுடைய எலும்பையும் உடல்நலத்தையும் கவனிக்கப்போவது யார்? இக்கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். எடுத்துக்காட்டாகக் கோஷே நோயைக் கொள்வோம்.

1882ஆம் ஆண்டில் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர், மண்ணீரல் மிகப் பெருத்திருந்த ஒரு பெண்ணின் நிலையை ஆராய்ந்து எழுதினார். அதனை அவர் மண்ணீரற் கட்டி என்றே கருதினார். உண்மைக் காரணம் 1960களில்தான் விளங்கியது. அமெரிக்காவில் ராஸ்கோ பிராடியும் அவருடைய குழுவினரும், குளூக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதியின் குறைபாடே இந்நோய்க்குக் காரணம் என நிறுவினர்.

நம் உடலில் பழுதுற்ற அணுக்களை விழுங்கிச் செரிக்கும் அணுக்கள் உண்டு. இந்த நொதி குறைந்தால், ஒருவகைக் கொழுப்புப் பொருள் செரிக்கப்படாமல் அவற்றினுள் தேங்குகிறது. சாலைக் கடைவீதியில் குப்பை வண்டி சில நாள் வராவிட்டால் என்ன நேரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன, எலும்பு மஜ்ஜையும் அடைபடுகிறது, இரத்தசோகை தோன்றுகிறது. தாய், தந்தை இருவரும் இக்குறையுள்ள மரபணுவைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இது மிகுதி.

வயிற்று வீக்கம் கண்ணுக்குத் தெரியும். எலும்பின் சேதம் தெரியாது. மஜ்ஜை அடைபடுவதால் எலும்புக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைபடுகிறது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி உயிரற்றுப் போகலாம். எலும்பு அடர்த்தி குறைந்து, சிறு வீழ்ச்சியிலும் முறிவு ஏற்படலாம். நொதியை ஊசிவழி செலுத்தும் சிகிச்சை 1991 முதல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதனால் மண்ணீரல் சுருங்குகிறது, இரத்தம் தேறுகிறது. ஆனால் எலும்பு மெதுவாகவே பயன் பெறுகிறது; இறந்துபட்ட எலும்பை எந்த மருந்தும் மீட்பதில்லை. எனவே சிகிச்சையைக் காலத்தே தொடங்குவது இன்றியமையாதது.

வளர்சிதை மாற்றத்தின் பக்கமும் உண்டு. சிகிச்சைக்கு முன் நோயாளியின் உடல், ஓய்விலும் மிகுந்த ஆற்றலைச் செலவிடுகிறது, உடல் மெலிகிறது. சிகிச்சைக்குப் பின் எடை கூடுகிறது. அதனைக் கண்டு குடும்பத்தார் மகிழ்வது இயல்பே. ஆயினும் சிலருக்கு எடை அளவுகடந்து, இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமல், நீரிழிவுக்கும் வழி ஏற்படுகிறது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிலும் வைட்டமின் ‘டி’ குறைபாடு பரவலாக உள்ளது. நலிந்த எலும்புக்கு அது மற்றொரு சுமை. ஆகவே எலும்பு அடர்த்திச் சோதனை, சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் அளவுகள் ஆகியவற்றை வயது வந்த நோயாளிகளுக்குக் காலமுறைப்படி பார்த்துவர வேண்டும்.

இனி அரசின் ஏற்பாடுகளைக் காண்போம். 2014இல் தில்லி உயர்நீதிமன்றம், கோஷே நோயுற்ற ஏழைச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை எனத் தீர்ப்பளித்தது. 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வெளியாயிற்று. 2022 மே மாதத்தில், உயர்சிறப்பு மையங்களின் வழியாக ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவ வழிசெய்யப்பட்டது. 2024இல் கேரள அரசு ‘கேர்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இவை யாவும் போற்றத்தக்கன.

ஆயினும் ஒரு கணக்கை அலுவலர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஊசிவழி நொதியின் அளவு நோயாளியின் எடையைப் பொறுத்தது. இரு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் செலுத்த வேண்டியது. 15 கிலோ எடையுள்ள குழந்தை 60 கிலோ எடையுள்ள இளைஞனாகும்போது, அதே விகிதப்படி மருந்துச் செலவு நான்கு மடங்காகிறது. உதவித்தொகையின் வரம்போ நோயாளியோடு வளர்வதில்லை.

இதற்கு ஓரளவு விடை உள்நாட்டு உற்பத்தியில் கிடைத்துள்ளது. வயது வந்தோருள் தகுதியுடையவர்கள் வாய்வழி உட்கொள்ளும் எலிகுளுஸ்டாட் மருந்துக்கு ஆண்டுக்கு 1.8 கோடி முதல் 3.6 கோடி ரூபாய் வரை செலவாகி வந்தது. இந்தியாவிலேயே தயாரிக்கப்படுவதால் அது 3 இலட்சம் முதல் 6 இலட்சம் ரூபாய் வரையாகக் குறையும் என 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது.

மருந்து மலிந்தால் மட்டும் போதாது. குழந்தை மருத்துவரிடமிருந்து பொது மருத்துவர், எலும்பு மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஆகியோரிடம் நோயாளி முறைப்படி ஒப்படைக்கப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய நாளில் அவனுடைய கோப்பு மூடப்படலாகாது. இங்குள்ள மாணவர்களுள் மருத்துவராகப் போகிறவர்கள், காரணம் விளங்காத எலும்பு வலியோடு பெருத்த மண்ணீரலையும் ஒருங்கே கண்டால் இந்நோயை நினைவுகூருங்கள். அலுவலர்களே, குழந்தையைக் காப்பாற்றிய அரசு, அவன் தன் காலில் நின்று உழைத்து வாழவும் துணைநின்றால்தான் செலவிட்ட பொருள் முழுப் பயன் தரும்.