எல்லையில் செல்லாத சாதிச் சான்றிதழ்



கூட்டாட்சி என்றதும் நாம் ஆளுநர், நிதிப் பங்கீடு, காவிரி என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். நான் இன்று பேச வந்தது, ஒரு மாநிலம் கொடுத்த தாளை இன்னொரு மாநிலம் ஏற்குமா என்பதைப் பற்றி. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய்க் கேரளத்திலும் மும்பையிலும் தங்கிவிட்ட ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது பிள்ளையின் கல்லூரி இடம் சம்பந்தப்பட்ட கேள்வி.

ஒவ்வொரு மாநிலத்தின் பொதுச் செயல்களுக்கும் பதிவேடுகளுக்கும் இந்தியா முழுவதும் முழு மதிப்பு உண்டு என்கிறது அரசமைப்பின் 261ஆவது பிரிவு. ராமநாதபுரத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழ் மும்பையில் செல்லும். பரமக்குடி உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கொச்சியில் நிறைவேற்றலாம். பரமக்குடி வட்டாட்சியர் கொடுத்த சாதிச் சான்றிதழ்? உண்மையான சான்றிதழ்தான் என்று ஒப்புக்கொள்வார்கள். ஒன்றிய அரசு வேலைக்கும் அது செல்லும். அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்கு மட்டும் செல்லாது.

காரணம் 341ஆவது பிரிவு. பட்டியல் சாதிகள் மாநிலவாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. 1950இல் வந்த ஆணையும் அப்படித்தான். திருத்த நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். மாநிலத்துக்குள்ளேயேகூட அது கோடு கிழிக்கும். 2021இல் ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒன்றாக்கிய சட்டம், ராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடலோரக் கடையர்களை அந்தத் தொகுப்பில் சேர்க்கவில்லை.

ஆந்திரத்தில் பழங்குடிச் சான்றிதழ் பெற்ற ஒரு மாணவர், அப்பாவின் வேலையால் பம்பாய்க்கு வந்து மருத்துவ இடம் கேட்டார். மாரி சந்திரசேகர ராவ் வழக்கு, 1990. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரு மாநிலப் பட்டியல்களிலும் ஒரே சாதிப்பெயர் இருந்தாலும் உரிமை வராது என்று 1994இல் சொன்னது. 2018இல் பீர்சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்தது. பள்ளர், பறையர் என்ற பெயர்கள் கேரளப் பட்டியலிலும் இருக்கின்றன. இருந்தும், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம், உன் முன்னோர் 1950க்கு முன்பே இங்கே குடியிருந்தார்களா, ஆதாரம் காட்டு என்கிறார்கள். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களிடம் என்ன பட்டா இருக்கும்?

நீதிமன்றத்தின் வாதத்தை நாம் தள்ளிவிடவும் முடியாது. சாதியின் பாதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், வெளியிலிருந்து வருபவர் உள்ளூர்ப் பட்டியலினத்தவரின் பங்கை எடுத்துக்கொள்வார் என்கிறது. கேரளத்துப் புலையர் வீட்டுப் பிள்ளையின் இடத்தைப் பறித்துத்தான் நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்றால் அது நமக்கு வேண்டாம். ஆனால் தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவுக்கு மாநில எல்லை கிடையாது. வாடகை வீடு கேட்டுப் போகிறவரிடம் சாதியைத் துருவுகிறவர் எந்த மாநிலப் பட்டியலையும் புரட்டிப் பார்ப்பதில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் இதைப் பார்த்தது: சொந்த மாநிலத்தில் பட்டியலினத்தவராக இருப்பவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு நாடு முழுவதும் உண்டு என்றது. அடி விழுந்தால் பட்டியலினம், படிக்கப் போனால் பொதுப் பிரிவு என்பதுதான் இன்றைய நிலை.

நாமும் இதைத்தான் செய்கிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊர்களில் கட்டடம் கட்டும் தலித் தொழிலாளியின் பிள்ளை நம் பள்ளியில் தமிழில் படித்துத் தேறினாலும், தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டில் அதற்கு இடமில்லை.

வழி இல்லாமல் இல்லை. மாநிலங்கள் தங்கள் கருத்தை ஒன்றியத்துக்கு அனுப்பி, நாடாளுமன்றம் வழியாகப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம் என்று பீர்சிங் தீர்ப்பே சொல்கிறது. புலம்பெயர்ந்த குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு, உள்ளூர்ப் பங்கைத் தொடாமல் கூடுதல் இடங்கள் என்று கேட்போம். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து இதை முதலில் எழுதி அனுப்பட்டும்.