பிள்ளைகள் எந்த இடத்தில் அழுதார்கள்?

(ஒன்றிய அளவில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில், வகுப்பறையில் நாவல் வாசிப்பது பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பி.எட். படிக்கும்போது பாடக்குறிப்பு எழுதுவோமே, நினைவிருக்கிறதா? சோகமான கதை என்றால் நோக்கம் என்ற கட்டத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'மாணவர்கள் இரக்க உணர்வு பெறுவர்.' நானும் எழுதியிருக்கிறேன். பணிக்கு வந்த பிறகும் பல ஆண்டுகள் எழுதினேன். அந்த வரியில் என்ன பிழை என்பதைச் சென்ற ஆண்டு என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எனக்குக் காட்டினார்கள். அதைப் பகிர்ந்துகொள்ளவே இங்கே நிற்கிறேன்.

நான் ஆங்கில ஆசிரியை. வாரம் ஒரு நூலகப் பாடவேளை கிடைக்கும். அதில் ஒரு முழு நாவலைப் பகுதி பகுதியாக வாசித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எடுத்துக்கொண்டது ஜூடித் கெர் எழுதிய 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்'. 1971-இல் வெளிவந்த நாவல். சில பத்திகளை ஆங்கிலத்தில் வாசிப்பேன். மற்றதைத் தமிழில் கதையாகச் சொல்வேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1933, பெர்லின் நகரம். அன்னாவுக்கு ஒன்பது வயது, அண்ணன் மாக்ஸுக்குப் பன்னிரண்டு. அப்பா யூதர், புகழ்பெற்ற எழுத்தாளர், ஹிட்லரை எதிர்த்து எழுதியவர். நாஜிகள் வெற்றி பெற்றால் பாஸ்போர்ட்டைப் பறித்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கை வந்ததும் அப்பா முதலில் நாட்டை விட்டுப் போகிறார். பின்னாலேயே அம்மாவும் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். சுவிட்சர்லாந்து, பிறகு பாரிஸ், கடைசியில் லண்டன். கிளம்பும்போது அன்னா ஒரே ஒரு பொம்மையைத்தான் எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வந்த நாய்க்குட்டி பொம்மையை எடுத்துக்கொண்டு, நெடுநாள் கூடவே இருந்த இளஞ்சிவப்பு முயலை விட்டுவிடுகிறாள். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கை. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் நாஜிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள் என்ற செய்தி பிறகுதான் வருகிறது. ஹிட்லர் தன் முயலைக் கட்டிக்கொண்டு இருப்பதாக அவள் கற்பனை செய்து பார்க்கிறாள்.

இது பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தக் கதை. அவருடைய தந்தை ஆல்ஃப்ரட் கெர், ஜெர்மனியின் பெயர் பெற்ற நாடக விமர்சகர். 1933 மே மாதம் நாஜிகள் எரித்த புத்தகங்களில் அவருடையவையும் உண்டு. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜூடித் கெர் தம் மகனோடு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் பார்த்தார். அம்மாவின் சிறுவயது எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது என மகன் சொன்னானாம். அது அப்படி இல்லையே என்று தோன்றியதால்தான் இந்த நாவலை எழுத முனைந்தார். அகதிகளின் கதையைக் கேட்பவர் எதை உணர்கிறார், அனுபவித்தவர் எதை உணர்ந்தார் என்ற இடைவெளியிலிருந்தே பிறந்த புத்தகம் இது. அந்த இடைவெளி என் வகுப்பிலும் வந்து நின்றது.

பிள்ளைகள் அழுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். முதல் வாரம் அவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று அன்னா கேள்விப்படுகிறாள். சிறுமிக்கு அதன் பொருள் புரியவில்லை. மேலேயிருந்து நாணயங்கள் கொட்டி அப்பாவின் தலையை அமுக்குவதாக நினைத்துப் பயப்படுகிறாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. 'இதுல சிரிக்க என்ன இருக்கு?' என்று அதட்டினேன். அது என் முதல் தவறு. அன்னாவின் அறியாமை சிரிப்பூட்டும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. சிரித்த பிள்ளைகள் கதையைச் சரியாகவே கேட்டிருந்தார்கள்.

இரண்டாவது தவறு பெரியது.

முயல் பொம்மை வரும் பகுதியை வாசித்துவிட்டு, 'நீங்க வீட்டை விட்டுக் கிளம்பணும், ஒரே ஒரு பொருள்தான் எடுக்கலாம், எதை எடுப்பீங்க?' என்று கேட்டேன். சைக்கிள் என்றான் ஒருவன். ஆட்டுக்குட்டி என்றாள் ஒருத்தி. 'தங்கச்சி' என்று ஒரு பையன் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவி, 'கார்டு' என்றாள். என்ன கார்டு என்றேன். 'அடையாள அட்டை, மிஸ்.'

எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அவள் அங்கிருந்து வருபவள். எனக்கு ஒரே உற்சாகம். கதையும் வாழ்க்கையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன்: 'உனக்குத்தான் இந்தக் கதை நல்லாப் புரியும். உங்க வீட்ல எப்படி வந்தாங்கன்னு சொல்லேன்.'

முப்பத்தாறு தலைகள் அவள் பக்கம் திரும்பின. 'தெரியாது மிஸ்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் நூலகப் பாடவேளை தொடங்கும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று அனுமதி கேட்டாள். மணி அடிக்கும்வரை வரவில்லை.

நான் செய்தது என்ன என்று அன்றைக்குப் புரிந்தது. கதையில் வரும் ஜெர்மன் அகதிச் சிறுமியை ஓரமாக வைத்துவிட்டு, உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளையைப் பாடப்பொருளாக நிறுத்திவிட்டேன்.

அதன்பின் வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்தினேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு துண்டுச்சீட்டு. பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண் இல்லை. 'இன்றைக்கு எந்த இடம் மனதில் நின்றது? அப்போது என்ன தோன்றியது?' இரண்டே கேள்விகள். எதுவும் தோன்றவில்லை என்றால் அதையே எழுதலாம். அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். அந்த மாணவியும் திரும்பி வந்து உட்கார ஆரம்பித்தாள்.

சீட்டுகள் சேர்ந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் ஆசிரியர் அறை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஐயா நாலைந்தை எடுத்துப் படித்துவிட்டு, 'இது மெய்ப்பாட்டியல் அம்மா' என்றார். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள் நமக்குத் தெரிந்தவைதாம்: சிரிப்பு, அழுகை, இழிவுணர்வு, வியப்பு, அச்சம், பெருமிதம், சினம், மகிழ்ச்சி. அந்த எட்டுக்கும் சீட்டுகளில் இடம் இருந்தது. அன்னா திடீரென்று ஒருநாள் பிரெஞ்சில் தடையில்லாமல் பேசிவிடும் இடத்தில் மகிழ்ந்தவர்கள் பலர். ஆங்கிலம் பேசத் தயங்கும் பிள்ளைகள் அவர்கள். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இரக்கம் ஒன்றை மட்டும் நோக்கமாக எழுதிவைத்திருந்த என் பாடக்குறிப்பு எவ்வளவு சிறியது!

ஐயா இன்னொன்றும் சொன்னார். அழுகை பிறக்கத் தொல்காப்பியம் நான்கு காரணங்களைச் சொல்கிறது. இளிவு, அதாவது பிறரால் இகழப்படுதல். இழவு, உயிரையோ பொருளையோ இழத்தல். அசைவு, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோதல். வறுமை.

அந்த நாலையும் வைத்து நாவலைத் திரும்பப் பார்த்தேன். முயலை இழந்தது இழவு. பெர்லினில் பெயரோடும் புகழோடும் இருந்த அப்பா, பாரிஸில் எழுத இடம் கிடைக்காமல் திண்டாடுவது அசைவு. ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிப்பது வறுமை. இளிவு எங்கே? சுவிட்சர்லாந்தில் அவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்கு ஒரு ஜெர்மன் குடும்பம் விடுமுறைக்கு வருகிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளிடம், அன்னாவோடும் மாக்ஸோடும் விளையாடக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அவசரமாகக் கடந்துபோன பகுதி அது.

ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'பொம்மை போனதுக்கு எனக்கு அழுகை வரல. கூட விளையாடக் கூடாதுன்னு சொன்ன இடத்துல வந்துச்சு.'

கையெழுத்து எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அந்தப் பகுதியை மட்டும் மறுபடியும் நிதானமாக வாசித்தேன். எந்த விளக்கமும் சொல்லவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அன்று வந்த சீட்டுகளில் ஒன்றில், வேறொரு கையெழுத்தில், ஒரே வரி: 'நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கேன்.'

நண்பர்களே, முயலுக்காக அழுவது எளிது. ஹிட்லர் தொலைவில் இருக்கிறார். நாம் யாரும் ஹிட்லர் இல்லை. ஆனால் 'அவளோடு சேராதே' என்ற சொல் நம் தெருவிலும் நம் வகுப்பிலும் புழங்குகிற சொல். அந்தப் பையன் அழுததாக எழுதவில்லை. தன்னைக் கதைக்குள் எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தான் என்பதை எழுதியிருந்தான். அகதிகளின் கதையைப் படிக்கும்போது நாம் எல்லோரும் அன்னாவாகவே நம்மைக் கற்பனை செய்துகொள்கிறோம். விடுதிக்கு விருந்தாளியாக வந்த பிள்ளைகளாகவும் நாம் இருக்கக்கூடும் என்பது ஒரு சிறுவனுக்குத் தோன்றிவிட்டது. இதைவிடப் பெரிய கற்றல் விளைவு எதை எழுதுவது?

நாவல் முடிந்த அன்று அந்த மாணவி தானாகவே வந்தாள். 'மிஸ், நான் இங்கேதான் பொறந்தேன். போட்ல வந்தது எங்க அம்மம்மா. அவங்ககிட்ட நான் வீட்ல கேட்டுக்கிறேன். கிளாஸ்ல வேண்டாம் மிஸ்.' மன்னித்துவிடும்மா என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அடுத்து என்ன புத்தகம் என்று கேட்டாள்.

அவள் சொன்னதை நாம் யோசிக்க வேண்டும். 1983-க்குப் பிறகு வந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பலர் கடலையே தாண்டியதில்லை; முகாமிலேயே பிறந்தவர்கள். அகதி என்ற சொல்லுக்கே போக்கிடம் இல்லாதவர் என்றுதான் பொருள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அந்தச் சொல்லை நீக்கி, மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பலகையில் மாறிய சொல், நம் வகுப்பறைப் பேச்சில் மாறுவது நம் கையில் இருக்கிறது.

முடிப்பதற்கு முன், இதுபோன்ற ஒரு கதையை நீங்களும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், என் தவறுகளிலிருந்து நான்கு செய்திகள்.

ஒன்று, என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சிரித்தால் சிரிக்கட்டும். கொட்டாவி விட்டாலும் அது ஒரு பதில்தான். நான் வாசித்த விதத்தைப் பற்றிய பதிலாகக்கூட இருக்கலாம்.

இரண்டு, எந்தப் பிள்ளையையும் சாட்சியாக எழுப்பி நிறுத்தாதீர்கள். முகாம் பிள்ளை மட்டும் இல்லை. அப்பா இல்லாத பிள்ளை, வேலை தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. தானாகப் பேச வந்தால் கேட்போம். வராவிட்டால் அந்த மௌனத்துக்கும் மரியாதை கொடுப்போம்.

மூன்று, உணர்ச்சியோடு செய்தியையும் சேர்த்துக் கொடுங்கள். உலக வரைபடத்தை விரித்து பெர்லினிலிருந்து லண்டன் வரை நூல் கட்டிக் காட்டினோம். அகதிகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 1951-இல் வந்தது என்று சொன்னபோது, 'அப்போ அன்னாவுக்கு அது இல்லையா மிஸ்?' என்று ஒருத்தி கேட்டாள். கதை உள்ளே போயிருந்ததால் வந்த கேள்வி அது.

நான்கு, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு. எழுதத் தெரியாத பிள்ளைகள் படம் வரையலாம். மனதில் நின்ற இடத்தை வரையச் சொல்லுங்கள். ஏன் வரைந்தாய் என்று துருவ வேண்டாம்.

ஜூன் 20 உலக அகதிகள் நாள். பள்ளி திறந்து சில நாள்களில் வந்துவிடும். காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பதோடு நின்றுவிடாமல், அந்த வாரம் ஒரு கதையைத் தொடங்கலாம். நானும் தொடங்கப்போகிறேன். பாடக்குறிப்பில் நோக்கம் என்ற இடத்தில் இம்முறை இப்படி எழுதியிருக்கிறேன்: 'மாணவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று ஆசிரியர் தெரிந்துகொள்வார்.'