கேளுங்க, கூட உட்காருங்க

(திருவேட்டக்குடியில் நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழுவின் ஊக்குநர் ஆற்றிய உரை)



விழா மேடையில இதை ஏன் பேசணும்னு சில பேர் நினைக்கலாம். கடன் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு திருப்பிக் கட்டினோம்னு பேசினா கைதட்டிட்டுப் போகலாம். ஆனா நான் இன்னிக்குப் பேச வந்தது தற்கொலைத் தடுப்பு பத்தி. அதுவும் எங்க குழுவுல நடந்ததை வெச்சுதான் பேசப் போறேன். யார் பேரும் சொல்ல மாட்டேன். அந்த அக்கா இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. "சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு என்னை மேடைக்கு அனுப்பினதே அவங்கதான்.

சில வருஷம் முன்னாடி, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது. அந்த ரெண்டு மாசம் நம்ம வீடுகள் எப்படி ஓடும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த அக்கா வீட்டுக்காரர் படகுல கூலிக்குப் போறவர். கையில காசு இல்லன்னாலும் குடி மட்டும் நிக்கல. நம்ம குழுக் கடன் ஒண்ணு, வெளியில கம்பெனிக் கடன் மூணு, மகளுக்குக் காலேஜ் பீஸ் வேற. அந்த அக்கா ரெண்டு கூட்டத்துக்கு வரல. வருகைப் பதிவேட்டுல கோடு போட்டோம், பத்து ரூபா அபராதம் எழுதினோம். ஏன் வரலன்னு ஒருத்தரும் கேட்கல.

மூணாவது வாரம் நாங்க நாலு பேர் கிளம்பி அவங்க வீட்டு வாசலுக்குப் போனோம். ராத்திரி ஏழரை மணி இருக்கும். தெருவே பாக்குது. "தவணையை வைக்காம நாங்க நகர மாட்டோம்"னு சொன்னேன். சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். அந்த அக்கா சத்தம் போடல, அழல. "நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்க்கா, நீங்க போங்க"ன்னாங்க. நான் என்ன புரிஞ்சிக்கிட்டேன் தெரியுமா? நாளைக்குப் பணம் வந்துடும்னு. நிம்மதியா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துட்டேன்.

அவங்க பக்கத்து வீட்டுல ஒரு ஆயா. கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வைக்கிறவங்க. நாங்க போன பிறகு அந்த அக்கா ஆயாகிட்ட வந்து, பாஸ்புக்கையும் மக தோட்டையும் குடுத்து, "இதை வெச்சிருந்து புள்ளகிட்ட குடுத்துடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. ஆயா அதை வாங்கல. நேரா முகத்தைப் பார்த்து, "என்னடி, சாவலாம்னு நினைக்கிறியா?"ன்னு கேட்டுட்டாங்க.

அந்த ஒரு கேள்வியில அந்த அக்கா உடைஞ்சு அழுதுட்டாங்க. ஆயா புத்தி சொல்லல, திட்டல, "ரெண்டு புள்ளைய வெச்சிக்கிட்டு இப்படி நினைக்கலாமா"ன்னு கேக்கல. பாயை எடுத்துட்டு வந்து அவங்க வீட்டுத் திண்ணையில போட்டு, "நீ சொல்லு, நான் இங்கதான் இருப்பேன்"னு உட்கார்ந்துட்டாங்க. விடியற வரைக்கும் அந்த எடத்தை விட்டு நகரல.

வெளுத்ததும் ஆயா என் வீட்டுக்கு வந்தாங்க. "ஒன் பணம் எங்கயும் ஓடாதுடி. ராத்திரி அவதான் போகப் பாத்தா"ன்னாங்க. அந்த வார்த்தை இன்னும் என் காதுல இருக்கு.

அன்னிக்கே ரெண்டு பேர் கூடப் போய் மனநல டாக்டரைப் பார்க்க வெச்சோம். மனச்சோர்வுன்னு சொல்லி மருந்து குடுத்தாங்க. சில மாசம் ஆச்சு தேறி வர. தவணையைக் குறைச்சு, காலத்தை நீட்டிக் குடுத்தோம். கடன் முழுசும் கட்டி முடிச்சுட்டாங்க. இன்னிக்கு அவங்க கருவாட்டு யாவாரம் பண்றாங்க. மக படிப்பை முடிச்சிட்டா.

அதுக்கப்புறம் ஒரு பயிற்சிக்குப் போனேன். "தற்கொலை எண்ணம் இருக்குன்னு சந்தேகம் வந்தா நேரடியாக் கேளுங்க. குறுக்கே பேசாம கேட்டுக்குங்க. தனியா விடாதீங்க. உதவி கிடைக்கிற எடத்துக்குச் சேர்த்து விடுங்க. பிறகும் போய்ப் பாருங்க"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்துச்சு. நேரா கேட்டா அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு நாம பயப்படறோம். அது தப்பு. கேட்டா அவங்களுக்குப் பாரம் இறங்குதுன்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

இது நம்ம தெருப் பிரச்சினை மட்டும் இல்ல. 2022ஆம் ஆண்டு அரசுக் கணக்குப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12 பேர் என்ற அளவில் தற்கொலைச் சாவு. நம்ம புதுச்சேரி மாநிலத்துல அது 30க்குப் பக்கம், அதாவது நாட்டுச் சராசரியைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. அந்த வருஷம் நாடு முழுக்க இறந்த பெண்கள்ல பாதிக்கு மேல வீட்டைக் கவனிச்சுக்கிட்டு இருந்த பெண்கள். வேலைக்காரங்கள்ல அதிகம் தினக்கூலிக்காரங்க. அதனால இது யாரோ பைத்தியக்காரருக்கு வர்ற விஷயம் இல்ல. நம்மள மாதிரி வீட்டுக்குள்ள வர்றது.

ஆனா இதைக் குறைக்க முடியும். குறைச்சுக் காட்டியிருக்காங்க. மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, பரீட்சை. சென்னையில 1986ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினாங்க. அங்க போன் எடுக்கிறவங்க டாக்டருங்க இல்ல, பயிற்சி எடுத்த சாதாரணத் தன்னார்வலர்கள். முன்னெல்லாம் பரீட்சையில தவறின பிள்ளைங்களுக்கு ஒரு வருஷமே போயிடும். அந்த அவமானத்துல எத்தனையோ பிள்ளைங்களை இழந்தோம். சிநேகா போன்றவங்க விடாம எடுத்துச் சொன்னதுல, தவறினவங்க கொஞ்ச நாள்லேயே மறுபடி எழுதிப் பாஸ் ஆகி அதே வருஷம் மேல படிக்கிற மாதிரி தமிழ்நாடு அரசு துணைத் தேர்வு கொண்டு வந்தது. காரைக்கால் பிள்ளைங்களும் அப்ப தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான். அதனால நம்ம பிள்ளைங்களுக்கும் அந்த வழி கிடைச்சுது. ஒரு விதியை மாத்தினா உயிர் தப்பும்.

ரெண்டாவது, கொள்ளிடத்துக்கு அந்தாண்ட கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் நடந்தது. விவசாயிங்க பூச்சி மருந்தை வீட்டுல வெச்சிக்காம, ஊருக்குப் பொதுவா ஒரு கட்டடத்துல, ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில வைக்கிற ஏற்பாட்டை சிநேகா செஞ்சு பார்த்தாங்க. ஊரார் ஏத்துக்கிட்டாங்க, சாவும் குறைஞ்சுதுன்னு 2013ல் ஆய்வு வெளியாச்சு. இலங்கையில அதிக விஷமுள்ள பூச்சி மருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணாங்க. 1995க்குப் பிறகு இருபது வருஷத்துல அங்க தற்கொலைச் சாவு முக்கால் பங்குக்குக் கிட்டக் குறைஞ்சுது. சாகணும்ங்கற வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துல ஆபத்தான பொருள் கைக்கு எட்டாம இருந்தா, அந்த வேகம் கடந்து போயிடுது. நம்ம ஊர்லயும் குறுவை, சம்பா சாகுபடி இருக்கு. வீட்டுல பூச்சி மருந்தோ, மிச்சம் கிடக்கிற மாத்திரையோ இருந்தா பூட்டி வைங்க. மனசு சரியில்லாத ஆள் இருக்கிற வீடுன்னா வெளியேத்திடுங்க.

மூணாவது, சட்டம். முன்னெல்லாம் தற்கொலைக்கு முயற்சி பண்ணாலே போலீஸ் கேஸ்னு சொல்லி, அந்தப் பயத்துல ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகாத வீடுகள் உண்டு. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018ல் நடைமுறைக்கு வந்தது. அப்படி முயற்சி பண்றவங்க கடுமையான மன அழுத்தத்துல இருக்காங்கன்னு எடுத்துக்கணும், அவங்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் குடுக்கறது அரசோட கடமைன்னு அதுல இருக்கு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்துல அந்தப் பழைய தண்டனைப் பிரிவே இல்ல. அதனால பயந்துக்கிட்டு மறைக்காதீங்க. 108க்குப் போன் போடுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

இப்ப நம்ம பக்கத்துக்கு வர்றேன். கடன். தமிழ்நாட்டுல 2025ல் கடன் வசூல் மிரட்டலைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டாங்க. நாம புதுச்சேரி மாநிலம், அது நமக்குச் செல்லாது. ஆனா ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டு வந்த விதி நாடு முழுக்கச் செல்லும். இந்த மாதிரிச் சிறுகடனுக்குக் காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்குப் போன் பண்ணக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டுற தவணை மாச வருமானத்துல பாதியைத் தாண்டுற மாதிரி கடன் குடுக்கவும் கூடாது. மீறினா முதல்ல அந்த நிறுவனத்துக்கு எழுதிக் குடுங்க. அங்க தீரலன்னா ரிசர்வ் வங்கியோட 14448 எண்ணுல கேட்டா எப்படிப் புகார் பண்றதுன்னு சொல்வாங்க.

இந்த விதியைப் பயிற்சியில படிச்சுக் காட்டினப்ப எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. கம்பெனிக்காரன் 6 மணிக்கு மேல போன்கூடப் பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் ஏழரை மணிக்கு நாலு பேரோட வாசல்ல போய் நின்னிருக்கேன். அவங்களோட சோறு பங்கு போட்டுச் சாப்பிட்ட நான்.

கடனைக் கட்ட வேணாம்னு நான் சொல்லல. பணம் எல்லாருடைய பணம், அது திரும்பி வரணும். ஆனா அதை வாங்கப் போற விதம் இருக்கு. எங்க குழுவுல தீர்மானப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஒண்ணு, யாராவது ஒரு கூட்டத்துக்கு வரலன்னா அபராதம் எழுதறதுக்கு முன்னாடி ஒருத்தர் வீட்டுக்குப் போய் "உடம்பு எப்படி இருக்கு, சாப்பிட்டியா"ன்னு கேட்கணும். அன்னிக்குப் பணப் பேச்சு எடுக்கக் கூடாது. ரெண்டு, தவணைக்காகக் கூட்டமா வாசல்ல போய் நிக்கக் கூடாது. மூணு, தடைக்காலத்துலயும், புயல் மழை காலத்துலயும், வீட்டுல சாவு நோய் வந்தாலும் உள்கடன் தவணையைத் தள்ளி வைக்கலாம். நாலு, வெளிக் கடன் எத்தனை இருக்குன்னு பயப்படாம குழுவுல சொல்லலாம். சொன்னவங்களைப் பத்தி வெளியில பேசக் கூடாது. இதைச் செஞ்ச பிறகு எங்க வசூல் குறையல. மறைச்சு மறைச்சுத் தவிச்சவங்க முன்னாடியே வந்து சொல்றாங்க.

யாரை எப்படிக் கவனிக்கிறதுன்னு கேப்பீங்க. நல்லா பேசிக்கிட்டிருந்தவங்க ஒதுங்கிப் போறது, தூக்கம் சாப்பாடு இல்லாம இருக்கிறது, "நான் யாருக்கும் பாரமா இருக்க வேணாம்", "எல்லாம் முடிஞ்சிடும்"னு பேசறது, தனக்குப் பிடிச்ச பொருளை எடுத்துக் குடுக்கறது, புள்ளைங்களைப் பார்த்துக்கச் சொல்றது, இதெல்லாம் அறிகுறி. "சும்மா மிரட்டுறா"ன்னு ஒதுக்காதீங்க. "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு சத்தியம் கேட்டா செய்யாதீங்க. "ஒன் உயிரு பெருசு, உதவி பண்ற ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன்"னு சொல்லுங்க. ஆம்பளைங்களையும் பாருங்க. செத்துப் போறவங்கள்ல அவங்கதான் அதிகம், அவங்க வாய் விட்டுச் சொல்றது குறைவு.

14416. இது 'டெலி மானஸ்', 2022ல் அரசு தொடங்கின இலவச மனநல உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும், தமிழ்லயும் பேசலாம். கஷ்டத்துல இருக்கிறவங்கதான் பேசணும்னு இல்ல, அவங்களுக்கு எப்படி உதவறதுன்னு தெரியாத நாமளும் கூப்பிட்டுக் கேட்கலாம். இப்பவே உங்க தீர்மானப் புத்தகத்து முதல் பக்கத்துல எழுதிக்குங்க.

ஏற்கெனவே ஒருத்தரை இழந்துட்ட வீடும் நம்ம ஊர்ல இருக்கு. அந்த வீட்டுக்குப் போங்க. எப்படி, என்னன்னு தோண்டித் தோண்டிக் கேட்காதீங்க. "அவனுக்கு என்ன குறை வெச்சீங்க"ன்னு கேட்காதீங்க. கஞ்சி காய்ச்சிக் கொண்டு போங்க, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வாங்க. நல்லது கெட்டதுக்கு அவங்களை ஒதுக்காதீங்க.

2004 சுனாமியில இந்தக் கடற்கரை எப்படி ஆச்சுன்னு நாம பார்த்தோம். அன்னிக்கு நம்மள எழுப்பி உட்கார வெச்சது பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க. சென்னைக் கடற்கரையில சுனாமிக்கு உறவைப் பறிகொடுத்தவங்களுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்த் துணையா இருந்து பேசினாங்க. அந்தத் துணை கிடைச்சவங்க நல்லா தேறினாங்கன்னு ஆய்வும் வந்திருக்கு. அதனால இது நமக்குத் தெரியாத வேலை இல்ல.

டாக்டர் தூரத்துல இருக்கலாம். நாம வாரா வாரம் ஒரே பாயில உட்காருறோம். யார் முகம் வாடியிருக்குன்னு அரசாங்கத்துக்கு முன்னாடி நமக்குத் தெரியும். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும், உங்க குழுவுல ரெண்டு கூட்டமா வராதவங்க யாருன்னு வருகைப் பதிவேட்டைப் பாருங்க. நாளைக்கு அவங்க வீட்டுக்கு ஒருத்தரா போங்க, வெளிச்சம் இருக்கும்போதே போங்க. தவணை நோட்டைக் கொண்டு போகாதீங்க.

ஆயா போன வருஷம் வயசாகித் தவறிட்டாங்க. அவங்க போட்டு உட்கார்ந்த அந்தப் பாயை அந்த அக்கா இன்னும் வெச்சிருக்காங்க.