மனத்தின் வேகமும் நுண்கணனியின் கடிகாரமும்



எங்கள் பாடசாலை மெய்வல்லுநர் போட்டியிலே நூறு மீற்றர் ஓட்டத்துக்கு மூன்று ஆசிரியர்கள் நிறுத்தற்கடிகாரம் பிடிப்பார்கள். மூவரும் ஒரே நேரத்தைச் சொல்வது அருமை. ஓடுபவனுடைய கால்வேகத்தோடு ஆசிரியரின் விரல்வேகமும் சேர்ந்தே அங்கு அளக்கப்படுகின்றது. உளவியல் ஆய்வாளரை வருத்திய சிக்கலும் இத்தகையதே.

விளக்கைக் கண்டதும் பொத்தானை அழுத்துவதற்கு மனிதனுக்கு ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு வேண்டும். இரண்டு விளக்குகளுக்கு இரு கைகள் எனப் பிரித்துக் கொடுத்தால் நேரம் சற்று நீளும். நீண்ட அச்சிறு பொழுதே மனம் தெரிவு செய்ய எடுத்த நேரம் என்று 1868 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான டொண்டேர்ஸ் கணித்தார். அப்பொழுதை அளக்க மில்லிசெக்கன் காட்டும் கருவி வேண்டும்.

1965 இல் வெளிவந்த பீ.டீ.பீ.-8 கணனியின் விலை 18,000 டொலர். 1977 இல் வந்த அப்பிள் இரண்டு 1,298 டொலர். திரை வேறாக வாங்கவேண்டும். சிறிய பல்கலைக்கழகத்து விரிவுரையாளருக்கும் அதனால் ஓர் ஆய்வுகூடம் வாய்த்தது.

ஆயின், அந்த நுண்கணனியில் நேரங்காட்டும் கடிகாரமே இல்லை! செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை துடிக்கும் அதன் செயலியை, விசை அழுத்தப்படும்வரை ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, அச்சுற்றுகளை எண்ணியே நேரங் கண்டார்கள். 1981 இல் வந்த ஐ.பீ.எம். கணனியிலே கடிகாரம் இருந்தது. ஆனால் அது செக்கனுக்குப் பதினெட்டு முறையளவே, அதாவது 55 மில்லிசெக்கனுக்கு ஒரு முறையே, நகர்ந்தது. ஆய்வாளர் தேடிய வேறுபாடோ பல வேளைகளில் அதனினும் குறைவு. ஆதலால் அக்கடிகாரச் சில்லைப் புதிதாக முடுக்கி விடவேண்டியிருந்தது.

கலைப் பட்டதாரியான எனக்கு இக்கதை சுவைப்பது இனிமேல்தான். அங்குமிங்குமாகச் சிதறும் பிழை, பலமுறை அளந்து சராசரி எடுக்கையில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே பக்கம் சாயும் பிழை அடங்காது. அக்காலத் திரையிலே ஒளிக்கற்றை மேலிருந்து கீழாக வரைந்து செல்லும். திரையின் அடியில் தோன்றும் எழுத்து, உச்சியில் தோன்றுவதிலும் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தக்கூடும். இதை அறியாதவர், கீழே உள்ளதை மனிதர் மெதுவாகவே உணர்கின்றனர் என்று எழுதிவிடுவார்! இயந்திரத்தின் குணம் மனிதன் தலையிலே ஏறிவிடும்.

கவனமுள்ளோர் திரையின்மீது ஒளியுணர் கலமொன்றைப் பொருத்தி, எழுத்து உண்மையில் எப்போது ஒளிர்கின்றது என்று முதலில் அளந்தார்கள். அதன் பின்னரே மாணவரை அழைத்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.