பிளஸ் ஒன் படிக்கும் ஓவியப் பிள்ளைகளுக்கு



கிறிஸ்துமஸ் குடிலுக்குத் திரை தீட்டும் பிள்ளையை நாம் பாராட்டுகிறோம். அதே பிள்ளை ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்றால், "சோற்றுக்கு என்ன வழி?" என்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதற்குத் தலைமை வகித்தவர். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. பி.எஃப்.ஏ. நான்கு ஆண்டுப் படிப்பு. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, துணி வடிவமைப்பும் உண்டு. சோற்றுக் கேள்விக்கு அதிலும் பதில் இருக்கிறது.

சேர்வதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. உட்கார்ந்து வரைந்து காட்டவேண்டும். எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குக் கடைசி மாதத்தில் வந்தான் ஒரு பையன். சினிமா நடிகர் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைவான். (நாங்களும் கைதட்டினோம்!) தேர்வில் ஒரு குடத்தையும் துணியையும் எதிரே வைத்தார்கள். கை ஓடவில்லை. படத்தைப் பார்த்து வரைவது வேறு, பொருளைப் பார்த்து வரைவது வேறு என்று முன்பே சொல்லாதது எங்கள் குற்றம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளே, இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டுக் குடம், அம்மாவின் கை, பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் என்று கண்முன் உள்ளதைத் தினம் ஒன்றாக வரைந்து தேதி போடுங்கள். சனிக்கிழமை மாலை அந்த நோட்டோடு வாருங்கள். அப்பாவையும் அழைத்து வாருங்கள். அவரிடமும் பேச வேண்டியிருக்கிறது.